தேவராஜின் டெம்போவும் நான் சொன்ன இரண்டு மிட்டாயும்

ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக "போதும்" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தையைச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயது ஆள். நான் பார்த்திருக்கிறேன். எடை குறைப்பு அறுவை சிகிச்சை வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சுகளே, நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். பார்க்கும்போது கொஞ்சம் அழுகை வரும். வந்தால் வரட்டும், கையில் இருக்கும் ஊசியை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வீடு கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில். இருபத்தெட்டு வருஷம் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வந்து போனேன். அந்த ரயிலில் யாரும் முழுசாக விழித்திருக்க மாட்டார்கள். பாதித் தூக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் மூடுபனிக்குள் மெல்ல நகர்ந்து போகும். நகர்வது ரயிலா மேடா என்று தெரியாத அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பகல் கனவுப் பழக்கம் உண்டு. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் வாய்க்கு ருசியாகச் சொல்வார்கள்.

வேலையில் முதல் இருபது வருஷம் சர்க்கரை நோய் வார்டு. கடைசி எட்டு வருஷம்தான் உங்கள் வார்டு. இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் செய்த தப்பு அந்த இருபது வருஷப் பழக்கத்திலிருந்து வந்தது.

தேவராஜ் எங்கள் ஊர்க்காரர். டெம்போ டிரைவர். தினமும் காலையில் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாகக் கோலார் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். எடை நூற்றைம்பத்தெட்டு கிலோ. சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க ஆரம்பித்ததும், வண்டி ஓனர் நல்லபடியாகவே சொல்லிவிட்டார், இனிமேல் உன்னால் திருப்ப முடியாது, வேறு வேலை பார் என்று. தேவராஜுக்கு அந்த ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முன்பு அவருக்கு ஒரு சோதனை செய்தோம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் இனிப்பான சத்துப்பால் குடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு நான் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுத்து, குழாய்களை ஐஸில் வைத்துக்கொண்டே இருப்பேன். சாப்பிட்டதும் உடம்பில் பசியைச் சொல்லும் ஹார்மோன் இறங்க வேண்டும், நிறைந்துவிட்டது என்று சொல்லும் ஹார்மோன் ஏற வேண்டும். தேவராஜுக்குப் பசி சரியாக இறங்கவும் இல்லை, நிறைவு சரியாக ஏறவும் இல்லை. அது தாளில் வந்தது பிற்பாடு. அவர் முகத்தில் அன்றைக்கே தெரிந்தது.

"அவ்ளோதானா சிஸ்டர்?" என்றார், டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்து.

"ஏன், இன்னும் வேணுமா?"

"வேணும்னு இல்ல. குடிச்ச மாதிரியே இல்ல, அதான் கேட்டேன்." டம்ளரை என்னிடம் நீட்டினார். "பசி எனக்கு வர்றது போறதுன்னு இல்ல சிஸ்டர். கூடவே கீது. வூட்ல ஃபேன் சத்தம் மாதிரி. நிறுத்துனாதான் அது ஓடிக்கினு இருந்ததே தெரியும்ன்றாங்க. எனக்கு யாரும் நிறுத்தல."

அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அது ஒரு தனி உலகம். செய்வதற்கு வேலை குறைவு, பேச்சு மெதுவாகிவிடும், ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகும். நீங்கள் அந்த நேரத்தில் போனைப் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பார்க்காதீர்கள். நோயாளி உண்மையைச் சொல்வது அப்போதுதான்.

ஆபரேஷன் நடந்தது. இரைப்பையைச் சின்னதாக்கி, சாப்பாடு நேராகக் குடலின் கீழ்ப்பகுதிக்குப் போகிற மாதிரி வழியை மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் தேவராஜை எடை பார்த்தேன். முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. சரி, எடை அதேதானே, நோயும் அதேதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, பழைய அளவு இன்சுலினைச் சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். சார்ட்டில் மாற்றி எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. எங்கள் ஹார்மோன் டாக்டர் அப்போது ரவுண்ட்ஸ் வந்தார். கன்னடக்காரப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்வல்ப இருங்க சிஸ்டர். முதல்ல சுகர் பாருங்க."

பார்த்தேன். முந்தின வாரம் முந்நூறைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு நூற்றுப் பத்து. நான் எடுத்து வைத்திருந்த அளவைப் போட்டிருந்தால் அவர் மயங்கியே போயிருப்பார். சிரிஞ்சைக் காலி செய்தேன்.

"எடை குறையறதுக்கு மாசக்கணக்கு ஆகும்," என்றார் டாக்டர். "குடலுக்கு அவ்வளவு நாள் வேணாம். வழி மாறின உடனே அது வேற பேச்சுப் பேச ஆரம்பிக்கும். நீங்க எடை மெஷினையே பார்த்துட்டு இருந்தா அந்தப் பேச்சு காதுல விழாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் மேல் இல்லை, என் மேல். இருபது வருஷ சர்வீஸ் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள். அன்று ரயிலில் தூங்காமல் வந்தேன். பாடம் படித்துவிட்டேன், இனி தப்பு செய்ய மாட்டேன் என்று நினைத்தேன். பாதிப் பாடம்தான் படித்திருந்தேன் என்று அப்போது தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்தோம். அதே இனிப்புப் பால், அதே ஜன்னல். தேவராஜ் சின்னச் சின்ன வாயாகக் குடித்தார். முக்கால் டம்ளரில் நின்றார். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சு தேவராஜு? வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்." மீதிப் பாலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "போதும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார். "போதும் சிஸ்டர்," என்று இன்னொரு தடவை சொன்னார், அந்தச் சொல் சரியாகத்தான் வருகிறதா என்று பார்க்கிறவர்போல. கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. சோதனைத் தாளில் அந்த நிறைவு ஹார்மோனின் கோடு அரை மணி நேரத்துக்குள் செங்குத்தாக ஏறியிருந்தது. அதே ஹார்மோன்தான் கணையத்தையும் தட்டி எழுப்பி இன்சுலினைக் கொட்டச் சொல்கிறது. இன்சுலின் கோடும் அதன் பின்னாலேயே ஏறியிருந்தது. நான் முதல் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது கோட்டை நின்று பார்க்கவில்லை.

ஒரு வருஷம் போனது. தேவராஜ் பாதி ஆளாகிவிட்டார். இன்சுலின் இல்லை, மாத்திரை இல்லை. மறுபடி டெம்போ ஓட்டினார். தெருவில் என்னைப் பார்த்தால் சட்டையை இழுத்துக் காட்டி, "பாருங்க சிஸ்டர், இதுக்குள்ள இன்னொரு ஆள் நுழையலாம்" என்பார். செக்கப்புக்கு வரச் சொன்னால் வர மாட்டார். "எனக்கு இன்னா கீது, நல்லாத்தான கீறேன்" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

பிறகு ஒருநாள் வார்டுக்குப் போன் செய்தார். நான்கு கட்டிலுக்கு நான் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்த நேரம்.

"சிஸ்டர், கை நடுங்குது. வேர்த்து ஊத்துது. படபடன்னு கீது."

"சர்க்கரை இறங்கியிருக்கும்பா. ரெண்டு மிட்டாய் வாயில போடு. எப்பவும் கூட வெச்சுக்கோ."

சர்க்கரை வார்டில் இருபது வருஷம் நான் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம் அது. யோசிக்காமலே வாயில் வந்தது. போனை வைத்தேன். இன்சுலினும் போடாத, மாத்திரையும் போடாத ஒருவருக்குச் சர்க்கரை ஏன் இறங்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு சான்றிதழுக்காக நான் கோலார் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. லீவு போட்டுவிட்டுத் தேவராஜின் டெம்போவிலேயே ஏறிக்கொண்டேன். முன் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். பின்னால் சுமதி என்ற பெண் எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் பரீட்சையில் பாஸாகிவிட்டாளாம். அந்த வண்டியில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் முதல் பங்கு டிரைவருக்கு.

"அண்ணனுக்குக் காலைலயே குடுத்துட்டேன் சிஸ்டர். ரெண்டு கை," என்றாள் சுமதி.

வண்டி கிளம்பும் முன் தேவராஜ் ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த டப்பாவைத் திறந்து இரண்டு மிட்டாய் வாயில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சொன்ன பேச்சைக் கேட்கிற பேஷண்ட் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்தப் பெருமைக்காக என்னை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

மார்கழிக் குளிர். லைன் லைனாக நின்று மற்ற பெண்களையும் ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வந்து சேரும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நானும் கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து வந்தேன். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை, அதன் மேல் பனி, பனிக்குள் ஒரு ஏரியின் வெள்ளை. எவ்வளவு அழகான வழி, இவ்வளவு நாள் இதைக் கவனிக்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோலார் ரோட்டில் அப்படி ஒரு ஏரி இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"அண்ணா, எங்க போறீங்க? இது பூதிகோட்டை ரோடு," என்று பின்னாலிருந்து சுமதி சிரித்தாள்.

தேவராஜ் பதில் சொல்லவில்லை. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. வண்டி ரொம்ப நிதானமாக, ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் அவர் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. எதிரே தூரத்தில் ஒரு கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது.

கத்தலாம். கத்தினால் அவர் பயந்து ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவார் என்று தெரியாது. கையைப் பிடித்து இழுக்கலாம். அதிலும் அதே ஆபத்து. சர்க்கரை இறங்கியவருக்கு யோசிக்கிற மூளைதான் முதலில் மங்கும், பழகிப்போன மூளை கொஞ்ச நேரம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷமாக ஆள் ஏற்றுகிற டிரைவருக்கு எது பழகியிருக்கும்? வாந்தி வருகிறவள்போல் வாயருகே கையை வைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னேன்.

"டிரைவர், வாந்தி வருது. ஓரமா நிறுத்துங்க."

அவர் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டது. கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டி ஒழுங்காக ஒதுங்கி நின்றது. நான் எட்டிச் சாவியை உருவிக்கொண்டேன். கரும்பு லாரி எங்களைத் தாண்டிப் போனது.

என் கைப்பையில் சீப்பு இருக்காது, சர்க்கரை மீட்டர் இருக்கும். விரலைக் குத்திப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அந்த நேரத்துக்கு இனிப்புத் தவிர வேறு வழியில்லை. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சமாகக் கொடுத்தேன். அதோடு நிறுத்தினால் மறுபடி விழுவார் என்று ஏதோ உள்ளே சொல்லியது. பெண்களின் டிபன் டப்பாக்களைத் திறக்கச் சொல்லி, அவர் தெளிந்ததும் ஒரு அவித்த முட்டையையும் ஒரு பிடி வேர்க்கடலையையும் சாப்பிட வைத்தேன்.

பின்னால் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. "காலைலயே ஊத்திக்கினு வந்துட்டாரா?" என்றாள் ஒருத்தி. "எங்க உசுரு இன்னா வெளாட்டா?" என்றாள் இன்னொருத்தி.

தேவராஜ் சுற்றிலும் பார்த்தார். "இது இன்னா எடம் சிஸ்டர்?"

சொன்னேன். வண்டிக்குள் இருந்த பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "ஒரு சொட்டு தொட்டது இல்ல சிஸ்டர். நீங்க சொன்னதுதான் பண்றேன். நடுங்குனா ரெண்டு மிட்டாய். போட்டா ஒரு மணி நேரம் நல்லா கீது. அப்பறம் மறுபடியும் நடுங்குது. மறுபடியும் ரெண்டு. ஒரு நாளைக்கு ஒரு டப்பா ஆவுது."

அப்போதுதான் அந்தச் சோதனைத் தாளின் இரண்டாவது கோடு என் கண்முன் வந்தது. வழி மாறிய குடலில் இனிப்பு வேகமாக இறங்கினால் அந்த ஹார்மோன் எகிறும். அது எகிறினால் இன்சுலின் கொட்டும். கொட்டினால் சர்க்கரை தரைக்குப் போகும். அதற்கு நான் கொடுத்த மருந்து, இன்னும் இனிப்பு. அவருக்குப் போதும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்த அதே ஹார்மோன்தான் அவரைப் பூதிகோட்டை ரோட்டில் கொண்டுவந்து விட்டிருந்தது. நான் நான்கு மாதமாக அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று பொதுவாக ஏதாவது சொல்லியிருந்தால் யாரும் தோண்டிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் குடிகாரன் என்ற பெயர் எங்கள் லைன் வீடுகளில் ஒருமுறை ஒட்டினால் போகாது. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்களிடம் சொன்னேன். "அவர் குடிக்கல. அவருக்கு நான் தப்பா சொல்லிக் குடுத்தேன். இன்னைக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம்."   சுமதி இறங்கிப் போய்த் தேவராஜுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பங்காரப்பேட்டையிலிருந்து வேறு டிரைவர் வந்து அவர்களைக் கூட்டிப்போனார். கலெக்டர் ஆபீஸ் வேலை அன்றைக்கு அப்படியே நின்றது. தேவராஜும் நானும் ரயிலேறிப் பெங்களூர் போனோம்.

டாக்டர் முழுசாகக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "நீங்க போன்ல சொன்னதை அப்படியே ஃபைல்ல எழுதுங்க சிஸ்டர். அடுத்து வர்றவங்க படிக்கணும்," என்றார். என் கையெழுத்தில், என் பெயரோடு எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

தேவராஜுக்கு இனிப்பு நின்றது. சர்க்கரை போட்ட டீ நின்றது. தட்டில் முதலில் முட்டை, பருப்பு, அப்புறம்தான் சோறு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. கூடவே ஒரு மாத்திரை. கடைசியாக டாக்டர் சொன்னது, "நான் சொல்ற வரைக்கும் வண்டி தொடக் கூடாது."

"ஸ்டியரிங்குக்காகத்தான் வயித்தையே அறுத்துக்கினேன் டாக்டரம்மா," என்றார் தேவராஜ். "அது போச்சுன்னா இன்னாத்துக்கு இதெல்லாம்?"

நான் அவருக்காகப் பேசுவேன் என்று என்னைப் பார்த்தார். எனக்கும் பேச ஆசைதான். ஆனால் புளியமரத்தடியில் பார்த்த பன்னிரண்டு முகங்களும் ஞாபகத்தில் இருந்தன. "டாக்டர் சொல்றதுதான் சரி தேவராஜு" என்றேன். அவர் அன்று என்னோடு ரயிலில் வரவில்லை, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

ஐந்து மாதம் அவர் வீட்டில் இருந்தார். நான் டியூட்டி முடிந்து இறங்கியதும் தினமும் அவர் வீட்டுக்குப் போய், சர்க்கரை அளவை அவர் எழுதி வைக்கும் நோட்டைப் பார்ப்பேன். முதல் மாதம் என்னோடு பேசவில்லை, நோட்டை மட்டும் நீட்டுவார். எண்கள் மெல்ல மெல்லச் சீராயின. மறுபடி சோதனை செய்தோம். விரல் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும் என்ற கண்டிப்போடு டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஓனரும் வண்டியைக் கொடுத்தார்.

திரும்ப ஓட்ட வந்த முதல் நாள் நானும் போய் நின்றேன். டெம்போ நின்றிருந்தது, கதவு திறந்திருந்தது, தேவராஜ் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண்கள் யாரும் ஏறவில்லை. அவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சுமதி என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், நீங்க ஏறுவீங்களா?"

நோட்டில் இருந்த எண் எல்லாம் எனக்கு மனப்பாடம். டாக்டரின் கையெழுத்தும் தெரியும். இருந்தும் ஒரு நொடி என் கால் நகரவில்லை. அப்புறம் ஏறிவிட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். பின்னால் ஒவ்வொருவராக ஏறும் சத்தம் கேட்டது. ஆனால் அந்த ஒரு நொடியைத் தேவராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"பரவால்ல சிஸ்டர்," என்றார், சாவியைத் திருப்பிக்கொண்டே. "ஏர்றதுக்கு முன்னாடி நானும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் ஏறுனேன்."